அடிக்குறிப்பில் ஒரு கைநாட்டு

1

ராணிப்பேட்டையைப் பற்றி ஆய்வேடு எழுதிய நண்பர் ஒருவர், அதில் வந்த இரண்டு அடிக்குறிப்புகளின் கதையை என்னிடம் சொன்னார். முதல் அடிக்குறிப்பு ஊர் உண்டான வருஷத்துக்கு ஆதாரம். செஞ்சி தேசிங்குராஜன் போரில் இறந்தபோது உடன்கட்டை ஏறிய அவனுடைய இளம் மனைவியின் நினைவாக, ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாலாற்றின் வடகரையில், ஆர்க்காட்டுக்கு எதிரே, 1771 வாக்கில் இந்த ஊரை ஏற்படுத்தி ராணிப்பேட்டை என்று பெயரிட்டார் என்பது செய்தி. ஊரைப் பற்றிய அச்சிட்ட குறிப்பு ஒன்றை நண்பர் ஆதாரமாகக் காட்டியிருந்தார். இரண்டாவது அடிக்குறிப்பு தேசிங்கின் கடைசி நாளைப் பற்றிய கதைப்பாட்டுக்கு. அதற்கு ஆதாரம் ஒரு பாட்டுக்காரர். அவர் பாடிய இடம், பாடிய தேதி. ஆய்வை மேற்பார்த்த பேராசிரியர் இரண்டாவதைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, ஓரத்தில் 'நம்பத் தகுந்த மூலம் தருக' என்று எழுதியிருந்தார். முதலாவதின் மேல் சிவப்பு மை படவே இல்லை.

சாதத்துல்லா கான் இறந்தது 1732-இல். தேசிங்கு இறந்தது 1714-இல். 1771-இல் ஆர்க்காட்டு நவாபாக இருந்தவர் வாலாஜா முகம்மது அலி. அவர் பெயரைத் தாங்கித்தான் பக்கத்திலேயே வாலாஜாபேட்டை இருக்கிறது. அதாவது அந்த அச்சிட்ட குறிப்பின்படி, இறந்து 39 வருஷம் ஆன ஒரு நவாப், இறந்து 57 வருஷம் ஆன ஒரு பெண்ணின் துக்கம் ஆறாமல் எழுந்து வந்து ஊர் கட்டியிருக்கிறார். கதைப்பாட்டில் இப்படி ஒன்று வந்திருந்தால் பாமரனின் கற்பனை என்று சிரித்திருப்போம். அச்சில் வந்ததால் அது தகவல் ஆகிவிட்டது. ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்புக்குப் போய், இன்றுவரை ஊரின் வரலாறு என்று வாசிக்கக் கிடைக்கிற பல இடங்களில் அது உட்கார்ந்திருக்கிறது.

பேராசிரியரைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. ஒரு தவறான வருஷம் யாருக்கும் நேரலாம். என்னைத் தொந்தரவு செய்வது அவருடைய சிவப்பு மை போன திசை. ஒரு சாட்சியை அவர் விசாரித்தார், இன்னொரு சாட்சியை விசாரிக்கவே இல்லை. விசாரிக்காததற்குக் காரணம் அதன் உண்மை அல்ல, அதன் உடை. காகிதம், அச்சு, ஆங்கிலம், அரசாங்க முத்திரை இவையெல்லாம் சேர்ந்த ஒரு தோரணை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நவாப் ராணிக்காக ஊர் வைத்தார் என்ற செய்தி அந்தக் குறிப்புக்குள் எப்படி வந்தது? பாலாற்றங்கரையில் ராஜா, ராணி என்று இரண்டு மண்டபங்களைக் காட்டி ஊரார் சொல்லிவந்த கதையிலிருந்தல்லாமல் வேறு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் அடிப்பட்ட அடிக்குறிப்பும் அடிபடாத அடிக்குறிப்பும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. ஒன்று தன்னுடைய பாட்டுக்காரரின் பெயரைச் சொல்லியது. மற்றது சொல்லாமல் மறைத்தது. சொன்னது தண்டனை பெற்றது.

2

1714-இல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1698-இல் மராட்டியரிடமிருந்து செஞ்சியைப் பிடித்தான். பின்னர் புந்தேல ராஜபுத்திரனான சொரூப் சிங் கோட்டையின் தலைவனானான். அவன் இறந்தபின் மகன் தேஜ் சிங் வந்தான். தமிழ் வாய் அவனைத் தேசிங்கு என்று ஆக்கிக்கொண்டது. கட்ட வேண்டிய பணத்தைக் கேட்ட நவாபுக்கு அவன் பணியவில்லை. சாதத்துல்லா கான் படையோடு வந்தார். பெரும் படைக்கு எதிரே சிறு கூட்டத்தோடு போன தேசிங்கு செத்தான். சரித்திரப் புத்தகத்தில் இதற்கு மேல் இடமில்லை. முகலாய சாம்ராஜ்யத்தின் ஒரு மூலையில் கப்பம் தராத ஒரு கோட்டைக்காரனை அடக்கிய விவகாரம், அவ்வளவுதான்.

தமிழர் நினைவில் இது கட்டபொம்மனுக்குச் சமானமான இடத்தைப் பிடித்தது. பாடினார்கள், கூத்தாடினார்கள், பெரிய எழுத்துப் புத்தகமாகப் போட்டுச் சந்தையில் விற்றார்கள், 1960-இல் எம்.ஜி.ஆரை வைத்துப் படம் எடுத்தார்கள். தமிழ் தாய்மொழியாக இல்லாத, இந்தப் பக்கத்தில் வேர் இல்லாத ஒரு வடக்கத்தி இளைஞன் எப்படி இப்படி ஆனான்? நிகழ்ச்சியின் அளவுக்கும் நினைவின் அளவுக்கும் இடையே இருக்கும் இந்த வித்தியாசம்தான் சரித்திரக்காரன் கேட்க வேண்டிய கேள்வி. இதற்குக் கோட்டை ஆவணத்தில் பதில் கிடையாது.

நமக்கு மூன்று வகைச் சாட்சிகள் இருக்கின்றன. நவாபின் சேவகத்தில் இருந்த ஜஸ்வந்த் ராய் பாரசீகத்தில் எழுதிய சயீத்நாமா ஒன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயண பிள்ளை தமிழ் வசனத்தில் எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் ஒன்று. மூன்றாவது கதைப்பாட்டு. வழக்கமான புத்தி முதலாவதை ஆவணம் என்றும், இரண்டாவதைக் கர்ணபரம்பரை என்றும், மூன்றாவதை இலக்கியம், அதுவும் நாட்டுப்புறம், என்றும் பிரித்து வைக்கும். ஆனால் ஜஸ்வந்த் ராய் யார்? எஜமானனின் புகழை எழுதச் சம்பளம் வாங்கியவர். அவருக்கு ஒரு கட்சி இருந்தது. பாட்டுக்காரனுக்கும் ஒரு கட்சி இருந்தது. வித்தியாசம், ஒருவரின் கூலி அரண்மனையிலிருந்து வந்தது, மற்றவனின் கூலி கேட்டவர்களிடமிருந்து வந்தது. கேட்டவர்கள் தங்களுக்கு ஒவ்வாததை நூறு வருஷம் காசு கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே பாட்டு கேட்டவர்களுக்கும் சாட்சி.

அப்படியானால் பாட்டு சொல்வதெல்லாம் மெய் என்று எடுத்துக்கொள்வதா? ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். பாட்டு தேசிங்கை வெள்ளிக்கிழமையோடு கட்டிப்போட்டிருக்கிறது. அவன் வாழ்வின் பெரிய காரியங்கள் வெள்ளியில் வருகின்றன, சாவும் வெள்ளியில் வருகிறது. நூல்கள் அவன் இறந்த நாளாகத் தருவது 1714 அக்டோபர் 3. இந்தத் தேதியை அன்று இங்கிலீஷ்காரர்கள் வைத்திருந்த பழைய நாள்காட்டியில் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஞாயிறு வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்ததும் இன்று நாம் வைத்திருப்பதுமான கணக்கில் போட்டால் புதன் வருகிறது. எப்படிப் போட்டாலும் வெள்ளி வரவில்லை.

இங்கேதான் இரண்டு பேர் தவறு செய்கிறார்கள். பேராசிரியர், கிழமையே தப்பு, இதை எப்படி ஆதாரமாக எடுப்பது என்று கேட்டுப் பாட்டை மூடி வைத்துவிடுகிறார். பாட்டின் ரசிகர், கிழமை கிடக்கட்டும், மக்களின் ஆத்மா இதில் இருக்கிறது என்று கண்ணீரோடு சொல்லிக் கேள்வியை மூடி வைத்துவிடுகிறார். இரண்டு பேருக்கும் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அக்கறை இல்லை. எனக்குத் தோன்றுவது இது. பாட்டில் தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத் கான் என்ற முஸ்லிம். பாட்டு அவனை மோவுத்துக்காரன் என்கிறது. கல்யாணக் கோலத்தில் இருந்தவன் சேதி கேட்டு நீலவேணி என்ற குதிரையில் ஏறி வந்து தோழனுக்காகச் சாகிறான். தேசிங்கு சிங்கவரத்து ரங்கநாதரை நம்பியவன். போருக்கு விடை கேட்கப் போனபோது சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று சொல்கிறார்கள். எதிரே நிற்கும் நவாபும் முஸ்லிம். செத்த எதிரிக்காக நவாபே வருந்தி, மரியாதையோடு தகனம் செய்ய வைத்தார் என்றுதான் பாட்டு சொல்கிறது. வெள்ளி இந்த இருவகை மக்களுக்கும் விசேஷமான நாள். பாடியவனுக்கு அது பஞ்சாங்கக் கிழமை அல்ல. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரு நாள். கேட்டவர்கள் இந்தச் சண்டையை இரண்டு மதங்களின் சண்டையாக நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எந்த ஆவணக் காப்பகத்தில் கிடைக்கப் போகிறது?

போர் நடந்த தேதிக்குப் பாட்டு மோசமான சாட்சி. போரை மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. இந்த வேலையைத் தமிழில் நாம் செய்யாமல் விட்டபோது வேறொருவர் செய்தார். சஞ்சய் சுப்ரமணியம் பாரசீக நூலையும் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேஜ் சிங் எப்படித் தேசிங்குராஜன் ஆனான் என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் 2001-இல் வேல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், அவர் மூவரும் சேர்ந்து எழுதிய புத்தகம், தென்னிந்தியர்களுக்குச் சரித்திர உணர்வே கிடையாது என்ற பழைய குற்றச்சாட்டை எதிர்கொண்டது. அவர்கள் வாதம் சுருக்கமாக இது: சரித்திரம் என்று தனி ஜாடி எதுவும் இங்கே இருக்கவில்லை, அந்தந்தக் காலத்தில் மக்கள் எந்த இலக்கிய வடிவத்தில் புழங்கினார்களோ அதிலேயே சரித்திரத்தையும் எழுதினார்கள், கேட்டவர்களுக்கு எது நடந்தது, எது ஜோடனை என்று அதன் நடையிலிருந்தே தெரிந்தது. இந்த வாதத்தை முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கேட்டவர்களின் அந்தக் காதை இன்று நாம் எப்படித் திரும்பப் பெறுவது என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் பாட்டை விசாரணைக் கூண்டில் ஏற்றி மரியாதையோடு கேள்வி கேட்டவர்கள் அவர்கள்.

3

ஆற்றைக் கடந்து ஆர்க்காட்டுக்குப் போனால் இதே பிரச்சினையின் மறுபக்கம் கிடைக்கும். 1751-இல் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் 50 நாள் முற்றுகையில் இருந்தான். அரிசி தீர்ந்துகொண்டு வந்தபோது இந்தியச் சிப்பாய்கள் அவனிடம் வந்து, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. 1840-இல், முற்றுகைக்கு 89 வருஷம் கழித்து, மெக்காலே கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையால் இது உலகப் புகழ் பெற்றது. ஏகாதிபத்தியத்துக்கு மிகவும் சௌகரியமான கதை. ஆளப்படுகிறவன் தானாகவே முன்வந்து சோற்றை விட்டுக்கொடுக்கிறான்! பல தலைமுறை மாணவர்கள் இதைச் சரித்திரம் என்றே படித்தார்கள். கஞ்சி குடித்த அந்தச் சிப்பாய்களில் ஒருவனுடைய பெயராவது எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவன் பேரன் திண்ணையில் உட்கார்ந்து இதையே சொல்லியிருந்தால் நாட்டுப்புறவியல் துறைக்கு அனுப்பியிருப்போம். மெக்காலே எழுதினால் சரித்திரம், திண்ணையில் சொன்னால் வழக்காறு. சாட்சியத்தின் தரம் எங்கேயும் அளக்கப்படவில்லை. சாட்சியின் அந்தஸ்து மட்டும் அளக்கப்பட்டது.

எது வழக்கமான ஆதாரம், எது விசித்திரமான ஆதாரம் என்ற பிரிவு நிரந்தரமானதும் அல்ல. புதுச்சேரியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். துணி விலை, கப்பல் வரவு, நல்ல நேரம், ராகுகாலம், யார் யாரைப் பற்றி என்ன பேசினார்கள் என்ற வம்பு, துய்ப்ளேக்ஸும் அவர் மனைவியும் நடத்திய காரியங்கள், எல்லாம் அதில் உண்டு. வியாபாரி வீட்டுக் கணக்குப் புத்தகங்களோடு கிடந்த அதை 1846-இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தது. இன்று 18-ஆம் நூற்றாண்டுக் கர்நாடகத்தைப் பற்றி எழுதுகிற எவரும் அதைத் தொடாமல் எழுத முடியாது. ஒரு துபாஷின் வம்பு அதிகாரபூர்வமான ஆதாரமானதற்கு நூறு வருஷமும் ஆங்கிலமும் தேவைப்பட்டன.

மெக்கன்சியின் சேகரிப்பும் அப்படித்தான். நிலம் அளக்க வந்த காலின் மெக்கன்சி, 1821-இல் இறக்கும்வரை, ஊர் ஊராக ஆட்களை அனுப்பிக் கோயில் கதை, பாளையக்காரர் வம்சாவளி, கிராமக் கணக்கு, கிழவர்கள் சொன்னது எல்லாவற்றையும் எழுதி வாங்கினார். காவலி வெங்கட போரையாவும் அவர் தம்பிகளும் இல்லையென்றால் அந்தக் குவியல் இல்லை. நாம் மெக்கன்சி சுவடி என்று மேற்கோள் காட்டுகிறோம். உண்மையில் மேற்கோள் காட்டுவது, ஏதோ ஒரு கிராமத்துக் கணக்குப்பிள்ளை ஒரு பிற்பகலில் சொன்னதை. சொன்னவன் பெயர் போய், வாங்கியவன் பெயர் நிற்கிறது.

4

நான் பிழைப்புக்கு வவுச்சர் பார்க்கிறவன். அதனால் ஆதாரம் என்றால் என்ன என்பதில் எனக்குக் கொஞ்சம் தொழில் அனுபவம் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாதவர் வந்தால் வங்கி அவரைத் திருப்பி அனுப்புவதில்லை. இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்குகிறது. ஆனால் வெறும் ரேகையை வாங்காது. இது இன்னாருடைய கைநாட்டு என்று தெரிந்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எதிரில் வைத்தே போட வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்ட வேண்டும். கையெழுத்துக்கு இத்தனை சடங்கு இல்லை. ஆனால் கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் இல்லை. மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். மோசடிகளில் பெரும்பாலானவை அழகான கையெழுத்தில்தான் வருகின்றன.

ஆய்வுலகம் கைநாட்டைப் பற்றி இரண்டே நிலைதான் எடுத்திருக்கிறது. ஒன்று, கைநாட்டு செல்லாது. இல்லையென்றால், கைநாட்டு புனிதமானது, சரிபார்ப்பது பாவம். முதலாவது பழைய பேராசிரியரின் நிலை. இரண்டாவது, கடந்த சில பத்தாண்டுகளாக நம்மிடையே பரவியிருக்கும் நிலை. மக்கள் சரித்திரம், விளிம்புநிலை என்ற சொற்களைச் சொல்லிவிட்டால் போதும், அதற்குப்பின் எவரும் எதையும் சரிபார்க்க வேண்டாம் என்ற சௌகரியம்.

வாய்மொழியை அடிக்குறிப்பில் ஏற்றுவதற்கு நான்கு கேள்விகளாவது கேட்டாக வேண்டும். யார் சொன்னது? யார் முன்னால் சொன்னது? முன்பு வேறு விதமாகச் சொல்லப்பட்டதா? இப்படிச் சொல்வதால் யாருக்கு லாபம்? ஆப்பிரிக்க அரசுகளின் வாய்மொழி மரபுகளைப் பற்றி யான் வான்சினா 1961-இல் எழுதிய நூல் அடிப்படையில் இவற்றைத்தான் விரிவாகக் கேட்கிறது. கார்லோ கின்ஸ்பர்க் 1976-இல் மெனோக்கியோ என்ற இத்தாலிய மாவரைப்பவனைப் பற்றி எழுதியபோது, அவனை எரிக்கத் தீர்ப்பளித்தவர்களின் விசாரணைப் பதிவுகளையே வைத்துக்கொண்டு, அந்தப் பதிவுகள் கேட்கத் தெரியாமல் விட்டதை அவற்றுக்குள்ளிருந்தே எடுத்தார். மூலம் விரோதியினுடையது என்பதற்காக அதைத் தள்ளவில்லை, நம்பவும் இல்லை.

தமிழில் இதற்கு முன்னோடி நா. வானமாமலை. வெளியே பெயர் அதிகம் பரவவில்லை. 1967-இல் நெல்லை ஆய்வுக்குழு, 1969-இல் ஆராய்ச்சி என்ற பத்திரிகை. கட்டபொம்மன் கதை, கான்சாகிபு சண்டை, முத்துப்பட்டன் கதை போன்றவற்றை அவர் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவருடைய மார்க்சியச் சூத்திரங்களோடு எனக்குச் சண்டை உண்டு. எல்லாக் கதைக்குள்ளும் வர்க்கப் போரைக் கண்டுபிடித்துவிடுகிற அவசரம் அவரிடம் இருந்தது. ஆனால் முத்துப்பட்டன் விஷயத்தில் அவர் செய்ததை நமது தோல் பிரதேசத்தில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முத்துப்பட்டன் பிராமணன். பாபநாசம் மலைப்பக்கத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவர்மேல் ஆசைப்படுகிறான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை, குடுமியையும் பூணூலையும் அறுத்துவிட்டு வா, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்கிறான். பட்டன் அப்படியே செய்கிறான். தோலைத் தொட்டு, அறுத்து, தைத்து, அவர்களில் ஒருவனாகிறான். பின்னர் மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிற அவனுக்கு இன்றும் ஜனங்கள் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள்.

இந்தக் கதையின் ஒரு வடிவத்தில் அந்தப் பெண்கள் சக்கிலியர் அல்ல. பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தான். வானமாமலை இதைப் பின்னால் வந்த ஒட்டு என்று பிடித்தார். பெண்கள் பிறப்பால் பிராமணர்கள் என்றால் பட்டனின் தியாகத்துக்கு என்ன அர்த்தம்? அவன் பூணூலை அறுத்ததும் செருப்புத் தைத்ததும் ஒரு தவறான தகவலால் நேர்ந்த விபத்து ஆகிவிடுகிறது! கதையைத் தாங்க முடியாதவர்கள் கதையின் பிறப்புச் சான்றிதழைத் திருத்தியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க வாய்மொழியை வணங்கினால் போதாது, ஒரு வடிவத்தை இன்னொரு வடிவத்தோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டபோது, அந்தப் பொய்யே ஆதாரமாக மாறியது. கலப்பு மணத்தை எந்தச் சமூகம் எவ்வளவு பயந்தது என்பதற்கு அந்த ஒட்டைவிட நேரான வாக்குமூலம் கிடைக்காது.

கோயிலில் வைக்கும் அந்தச் செருப்பைப் பாருங்கள். அதுவும் ஒரு மூலம்தான். பாட்டைத் திருத்தியவர்களால் செருப்பைத் திருத்த முடியவில்லை. எழுத்தில் பெண்கள் பிராமணர் ஆகிவிட்ட பிறகும், காணிக்கை தோலாகவே இருக்கிறது. இதை ஆய்வேட்டில் எப்படி அடிக்குறிப்பாகப் போடுவது? எந்தக் கையேட்டிலும் செருப்புக்கு விதி சொல்லியிருக்காது. நான்கு கேள்விகளையும் கேட்டு, பதிலை நேர்மையாக எழுதினால் போதும்.

5

இதெல்லாம் ஏட்டுச் சர்க்கரை, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று சில நண்பர்கள் கேட்பார்கள். பாலாற்றைப் பார்த்துக்கொண்டு வசிக்கிறவர்களுக்கு அப்படிக் கேட்கத் தோன்றாது.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் போய்க் குரோம் வந்தபின், வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை கிணறுகளுக்கு என்ன ஆயிற்று என்பதை முதலில் சொன்னவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. தண்ணீர் எடுத்த பெண்கள். தண்ணீர் நிறம் மாறியது, பருப்பு வேகவில்லை, துணி மங்கியது என்பதெல்லாம் சாட்சியம். அது புகார் என்று மட்டும் எண்ணப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அதில் இடம்பெற்றது. அதோடு கூடவே, திண்டுக்கல் பக்கத்தில் ஒரு தன்னார்வக் குழு 13 கிராமங்களில் நடந்துபோய் எண்ணிய கணக்கும் இடம்பெற்றது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்பது அந்தக் கணக்கு. கெட்டது எது என்று அங்கே புழங்குகிறவர்களைக் கேட்காமல், எத்தனை கருவி இருந்தாலும், இப்படி ஒரு கணக்கை யாரும் தொடங்கியிருக்க முடியாது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வகை ஆதாரத்தை நமது பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டில் ஏற்கத் தயங்குகின்றன என்பது விசித்திரம்தான்.

2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தேசிங்கைப் போலவே இந்த ஊர் மொழி தெரியாமல் இங்கே வந்து இளம் வயதில் செத்தவர்கள். அவர்களைப் பற்றி விசாரணை அறிக்கை இருக்கும், நஷ்டஈட்டுக் கோப்பு இருக்கும். அவர்கள் யார், எப்படிப் படுத்திருந்தார்கள், என்ன பேசிக்கொண்டு தூங்கப்போனார்கள் என்பதற்கு மூலம் வங்காளத்தின் ஏதோ ஒரு கிராமத்தில், ஏதோ ஒரு தாயின் வாயில் இருக்கிறது. நாளைக்கு ராணிப்பேட்டையின் சரித்திரத்தை எழுதுகிறவன் அங்கே போக வேண்டியிருக்கும். அவனுடைய அடிக்குறிப்பின் மேலும் சிவப்பு மை விழுமா?

ஒன்று மட்டும் நான் என் மேஜையிலிருந்து சொல்ல முடியும். சுண்ணாம்புத் தொட்டியில் வருஷக்கணக்காகக் கை வைத்தவர்கள் பணம் எடுக்க வரும்போது, விரல் வைத்துப் பார்க்கும் இயந்திரம் சில சமயம் அவர்களை ஏற்பதில்லை. ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வோம். வேறு விரலை வைக்கச் சொல்வோம். அவர்கள் ஏதோ தாங்கள் தப்புச் செய்துவிட்டதுபோல் நிற்பார்கள். அந்தத் தேய்ந்த விரல் அவர்களுடைய நாற்பது வருஷத்தின் முழு ஆவணம். அதைப் படிக்கத் தெரியாதது இயந்திரத்தின் குறை.

தேசிங்கின் ராணியும் அப்படித்தான் நிற்கிறாள். பாட்டு அவளை ராணிபாய் என்கிறது. ராணி என்பது பதவி, பாய் என்பது மரியாதை. பெயர் எங்கே? நவாபின் ஆளுக்கு அது வேண்டியிருக்கவில்லை, அச்சிட்ட குறிப்புக்கும் வேண்டியிருக்கவில்லை. உடன்கட்டை ஏறினாள் என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஏறினாளா, ஏற்றினார்களா என்று கேட்க ஒரு மூலமும் இல்லை. பாட்டும் இந்த இடத்தில் கைவிரித்துவிடுகிறது. அதுவும் ஆண்கள் பாடிய பாட்டு. ஓர் ஊருக்கே பெயராகிவிட்ட ஒருத்தியின் பெயர் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

நண்பரின் ஆய்வேடு பட்டம் பெற்றுவிட்டது. 1771 உள்ளே இருக்கிறது. பாட்டுக்காரரின் பெயர் இல்லை. அந்தப் பெயரை மட்டுமாவது பென்சிலால் ஓரத்தில் எழுதி வையுங்கள், பக்கத்தில் உங்கள் கையெழுத்தைச் சாட்சிக்குப் போடுங்கள் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.